வீட்டு வாசலில் ஹெரால்டு

(முன்னாள் மாணவர் கூடுகை நாளன்று பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "தொழில் முன்னேற்றத்தில் பொறியாளனின் பங்கு என்கிற மாதிரி ஏதாவது பேசுங்க" என்றார். அந்தத் தலைப்பில் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது ஒரே ஒரு பழைய காரின் சஸ்பென்ஷனைப் பற்றி. அதை என் வீட்டு போர்ட்டிகோவில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி மாட்டினேன். மாணவர்களுக்கு உபயோகப்படும்னு தோணுது. பெரியவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கார் எதுன்னு சொல்லிடறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1970-ஆம் வருஷத்து வண்டி. பெரியப்பாவுடையது. அவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பல வருஷம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக இந்த வண்டியில்தான் மலையேறினார். இன்றைக்கு அவருக்கு வயது எண்பத்தொன்று. பழைய மாணவர்களைப் பார்க்க மாதம் ஒருமுறையாவது மேலே போயே தீரணும்பார். ஜீப்பிலும் பஸ்ஸிலும் இடுப்பு தாங்கவில்லை. கார் ஓடும்வரை கார்தான். அதனால்தான் இந்த வேலைக்கு இறங்கினேன். பழைய கார் சேகரிக்கிற பொழுதுபோக்கு எனக்குக் கிடையாது, அதற்குச் சம்பளமும் போதாது.

அழைப்பிதழில் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று போட்டிருக்கிறார்கள். நாலு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் காரா என்று சிலர் சிரித்தீர்கள், கேட்டது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் கம்பெனி 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டைக் கொண்டுவந்தது. உடம்பை வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. தனி சேஸிஸ் மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இறுக்கிய வண்டி. அதே சேஸிஸைக் குறுக்கி 1962-இல் அவர்கள் செய்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். முன் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. லோட்டஸ் செவன், லோட்டஸ் எலான் மாதிரி வண்டிகளே ஹெரால்டின் முன் சக்கரத் தூணை வாங்கித்தான் போட்டுக்கொண்டன. நம்ம ஊரில் இதைச் செய்தது சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1961-இல் ஆரம்பித்தார்கள். 948 சி.சி. எஞ்சின். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. ஒரு வேடிக்கை, இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே 1963-இல் கைவிட்டுவிட்டார்கள். நம்ம சென்னைக்காரர்கள் அந்தப் பெயரை 1988-இல் ஆலை மூடும் வரைக்கும் வைத்திருந்தார்கள்.

ஆக, மேலே குடும்பக் கார், கீழே ஸ்போர்ட்ஸ் கார். கீழே இருப்பதைத்தான் நான் கழற்றினேன்.

வண்டி என்ன சொல்லிற்று என்று முதலில் சொல்கிறேன். இடது முன்பக்கம் பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் ஒடித்தால் கனம், திரும்பி வர மனசில்லாத மாதிரி நிற்கும். பின் டயர்கள் இரண்டும் உள்பக்க ஓரத்தில் மட்டும் வழுக்கையாகியிருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, காலை அகட்டி வைத்து நிற்கிற கிழவர் மாதிரி இருக்கும். பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் சொன்னது ஒரே வைத்தியம்: "மொத்தத்தையும் மாத்திடுங்க சார்." மொத்தத்தையும் மாற்ற பாகம் எங்கே இருக்கிறது? ஆலை மூடியே முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு.

எனவே எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இதற்கு ஒரு மிஷினும் வேண்டாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இருக்கிற இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருத்தரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்காமல் ஆடினால் ஆட்டம் அதற்கும் உள்ளே, மேலே பால் ஜாயின்ட்டிலோ கீழே ட்ரன்னியனிலோ இருக்கிறது. 9 மணி, 3 மணியில் பிடித்து ஆட்டினால் டை ராடு தெரியும். எங்க வீட்டில் பிரேக் அழுத்தியது என் மனைவி. வலது சக்கரத்து ஆட்டம் பிரேக்கோடு நின்றது. இடது சக்கரத்தில் நிற்கவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். கெட்டியான தரை, சேஸிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு, தரையில் நிற்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இதெல்லாம் வைத்த பிறகு வண்டியை ஒருமுறை இடித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே போகணும்.

ஹெரால்டில் வீட்டு வேலைக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பானட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்ந்துவிடும். டயர் மேலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரி வேலை செய்யலாம். பள்ளம் தோண்டத் தேவையில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே ஞாயிறு காலையில் வந்துவிடுவார்கள்.

இனி ட்ரன்னியன். இதுதான் என் பேச்சின் நடு விஷயம், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தூண் ஒன்று இருக்கிறது. உருக்கு ஃபோர்ஜிங். அதன் மேல் முனையில் பால் ஜாயின்ட். கீழ் முனையில் மரை போட்டிருக்கும். அந்த மரை, வெண்கலத்தில் செய்த ட்ரன்னியன் என்கிற கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது தூண் இந்த மரைக்குள்ளேயே கொஞ்சம் ஏறி இறங்கித் திரும்பும். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை. மாற்றிப் போட முடியாது. வண்டியின் அந்த மூலைப் பாரம் முழுவதையும் சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பதில் இந்த மரைக்கும் பங்கு உண்டு.

இந்த மரைக்கு ஊற்ற வேண்டியது எண்ணெய், 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கூடாது. பழைய கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. கிரீஸ் கன்னுக்குள் ஆயிலை நிரப்பி, அடைப்பானைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, ஆயில் வழிகிறவரை அழுத்தணும். ஆனால் நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் அடிக்காத கை நம்ம நாட்டில் உண்டா? பெரியப்பா வண்டியில் யாரோ ஒரு புண்ணியவான் நிரந்தரமாகவே நிப்பிளை மாட்டி, வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார். கிரீஸ் மரையின் அடி வரைக்கும் இறங்காமல் காய்ந்து மெழுகாகி அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் உள்ளே போகும். மரையின் குழியில் துரு பிடிக்கும். துருப்பிடித்த குழி என்றால் என்ன? நம் கல்லூரியில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார்களே, அந்த நாட்ச். கூர்மையான வெட்டு இருக்கிற இடத்தில் தகைவு குவியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும், ஒவ்வொரு ஸ்டீயரிங் திருப்பலுக்கும் அங்கே விரிசல் ஒரு இழை நகரும்.

நான் வேலை பார்ப்பது ஒரு சர்க்கரை ஆலையில், பராமரிப்புப் பிரிவில். கரும்பு பிழிகிற ரோலரின் கழுத்து உட்காருவது கன்மெட்டல் பேரிங்கில்தான். எண்ணெய் நின்றால் உருக்கு என்ன ஆகும், வெண்கலம் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே ஷாஃப்ட்டுகளுக்குச் செய்கிற சாயப் பரிசோதனையை இந்தத் தூணுக்கும் செய்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, உலர்த்தி, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மேலே இருக்கும் சாயத்தைத் துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தூவ வேண்டும். விரிசலுக்குள் புகுந்த சாயம் வெள்ளையில் ஊறி வெளியே வரும்.

வலது தூண் சுத்தமாக இருந்தது. இடது தூணில், மரை முடிகிற மேல் பக்கத்தில், சுற்றளவில் கால்வாசிக்கு ஒரு சிவப்புக் கோடு. தலைமுடி அளவுதான். கண்ணுக்குத் தெரியவே தெரியாத விரிசல்.

அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்த வண்டியில் வெள்ளிமலை போய்வந்திருந்தார்கள். இந்தத் தூண் முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கி மட்கார்டுக்கு அடியில் போய்விடும், ஸ்டீயரிங் கையில் இருக்கும், வண்டி சொன்ன பேச்சு கேட்காது. பெரும்பாலும் மெதுவாக, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் முறியும் என்று இந்த வண்டிகளை வைத்திருக்கிறவர்கள் சொல்வார்கள். வீட்டு வாசலில் திருப்பும்போது என்றால் சரி. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவிலும் அதே மாதிரி மெதுவாக, முழுக்க ஒடித்துத்தானே திருப்புகிறோம்?

பெரியப்பாவிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஏண்டா, சத்தம் போட்டது இதுவா?" என்று கேட்டார். இது இல்லை. 'டொக்' என்று சத்தம் போட்டது ட்ரன்னியனின் பக்கத்தில் இருக்கிற நைலான் புஷ். அது தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. விரிசல் விட்ட தூண் வாயே திறக்கவில்லை.

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். ஒரு இயந்திரத்தில் சில பாகங்கள் கெட்டால் முனகும், ஆடும், சத்தம் போடும். நமக்குத் தெரிந்துவிடும். புஷ், ரப்பர், ஷாக் அப்சார்பர், பேரிங் எல்லாம் அந்த ஜாதி. இன்னும் சில பாகங்கள் கடைசி நிமிஷம் வரை ஒழுங்காக இருக்கும், அப்புறம் முறியும். நடுவில் ஒன்றும் கிடையாது. பாகம் கிடைக்காத ஒரு வண்டியை உள்ளூரில் சரிசெய்வதற்கு முன்னால், கழற்றிப் போட்ட ஒவ்வொன்றையும் இந்த இரண்டில் எதில் சேர்ப்பது என்று நான் பிரித்துக்கொண்டேன். முனகுகிற பாகத்தை நம்ம லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். கொஞ்சம் அளவு பிசகினாலும் வண்டி சொல்லிவிடும், மறுபடி கடையலாம். முறிகிற பாகத்தை அப்படிச் செய்யக்கூடாது. "வெல்டிங் வச்சுக் கடைஞ்சுடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்று நல்ல மனசோடு சொன்னவர் ஒருவர் உண்டு. கார்பன் அதிகமுள்ள உருக்கில் வெல்டு வைத்தால், வெல்டுக்குப் பக்கத்தில் இறுகி நொறுங்குகிற ஒரு வளையம் உண்டாகும். அதை மலைக்கு ஓட்டிப் போக எனக்குத் தைரியமில்லை. தூணும் ட்ரன்னியனும் இரண்டு பக்கத்துக்கும் இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தேன். அங்கே ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறவர்களுக்காக இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்க வரியோடு சேர்த்து ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. வீட்டில் கணக்குக் கேட்டார்கள். சிவப்புக் கோட்டைக் காட்டினேன், அப்புறம் கேட்கவில்லை.

நைலான் புஷ் கடைந்தது கள்ளக்குறிச்சியில். லேத்காரர் படிப்பு எட்டாம் வகுப்பு. நான் மைக்ரோமீட்டர் வைத்து அளவெடுத்துப் படம் வரைந்து கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு டைட்டாப் போட்டா ஆவாது. நைலான் தண்ணி குடிக்கும், மழைக்காலத்துல உப்பிக்கும், ஸ்லீவைப் பிடிச்சுக்கும்" என்றார். நைலான் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் என்பது புத்தகத்திலும் இருக்கிறது. அவர் சொன்ன இடைவெளியே வைத்தோம். உள்ளே ஓடுகிற உருக்கு ஸ்லீவையும் அவரே கடைந்து தந்தார்.

விஷ்போன்களின் உள்பக்க ரப்பர் புஷ்களில் ஒரே ஒரு சூட்சுமம்தான். அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்த ரப்பர் சுழலாது. முறுக்கிக்கொண்டு திரும்பி வருவதுதான் அதன் வேலை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதுமே பாதி முறுக்கிய நிலையில் இருக்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். அதனால் போல்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் உட்கார்ந்த பாரத்தில் இறுக்கணும். ஆளுக்குப் பதிலாக ஒவ்வொரு முன் சீட்டிலும் மூன்று சிப்பம் அரிசி வைத்தேன், 75 கிலோ. சீட் பெல்ட் போடலையா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் போனார். புஷ்ஷை உள்ளே அழுத்த சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயில் தடவாதீர்கள், ரப்பர் கெடும்.

முன் காயில் ஸ்பிரிங்குகளை நான் மாற்றவில்லை. ஷாக் அப்சார்பரோடு சேர்த்து மேலே மூன்று நட்டும் கீழே ஒரு போல்டும் எடுத்தால் மொத்தமாக வந்துவிடும். நடுவில் இருக்கும் நட்டை மட்டும் தொடக்கூடாது. அதுதான் அமுக்கி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. கம்ப்ரஸர் போடாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டுதான். இரண்டு ஸ்பிரிங்கையும் அளந்து பார்த்தேன், உயரம் சமமாக இருந்தது, அப்படியே திரும்பப் போனது.

பின்பக்கக் கதை வேறு. ஹெரால்டில் பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் சேஸிஸில் நிலையாக நிற்கும். அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், பறவை இறக்கை விரித்த மாதிரி. இரண்டு முனையிலும் சக்கரங்கள். ஆக்சில்கள் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் மட்டும் மடங்கும். ஆகையால் சக்கரம் மேலே போனால் உள்ளே சாயும், கீழே தொங்கினால் கால் உள்ளே மடங்கும். வேகமாக வளைவுக்குள் போய் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடிப்பு போய்விடும். நம்ம நாட்டில் வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்கவேயில்லை. 1972-இல் இதே எஞ்சினோடு வந்த கெஸலில் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சில் போட்டார்கள்.

எங்கள் வண்டியில் பட்டை தொய்ந்திருந்தது. டயர் உள்பக்கம் தேய்ந்ததற்குக் காரணம் அதுதான். சேலம், நாமக்கல் பக்கம் லாரி வேலை பார்த்த கைகள் இதற்குச் சொல்கிற வைத்தியம், "கூட ஒரு பட்டை போடுங்க." லாரிக்கு அது சரி. பாரம் ஏற்றத்தான் லாரி. மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றி மலையிலிருந்து இறங்குகிற வண்டிக்கும் சரியாக இருக்கலாம். இதற்கு அது விஷம். தொய்ந்த ஸ்பிரிங் மெலிந்துபோன ஸ்பிரிங் என்று நினைக்கிறோம். உருக்கின் மீள்தன்மை எண் வயதானதால் மாறுவதில்லை. வளைவுதான் போயிருக்கிறது, விறைப்பு அப்படியே இருக்கிறது. அதன்மேல் இன்னொரு பட்டை போட்டால் விறைப்பு கூடும், பின்பக்கம் உயரும், சக்கரம் மடங்குவதற்கு வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும். இங்கிலாந்துக்காரர்களே 1970-இல் ஸ்பிட்ஃபயரைத் திருத்தியபோது, பட்டைகளில் பெரும்பாலானவை நடுவில் ஆடிக்கொடுக்கிற மாதிரி மாற்றி, வளைவில் பின்பக்க விறைப்பைக் குறைக்கத்தான் செய்தார்கள்.

பட்டையும் என் கணக்கில் முனகுகிற ஜாதிதான். ஒரு பட்டை உடைந்தால் அடுத்தது தாங்கும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து காட்டிவிடும். அதனால் உள்ளூர் வேலைக்குத் துணிந்தேன். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, பழைய பட்டையைச் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்துத் தரக்கூடாது. அப்படிச் செய்தால் பதம் போய்விடும், ஆறு மாதத்தில் மறுபடி தொய்யும். ஸ்பிரிங் உருக்கில் புதிதாக வெட்டி, வளைத்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் பார்க்கிற உலை இருக்கிற பட்டறையாக வேண்டும். சேலத்தில் அகப்பட்டது. இரண்டாவது, பட்டையின் கனம் பழையதுதான் இருக்கணும். "அஞ்சு எம்.எம். ஸ்டாக் இல்ல, ஆறு எம்.எம். போட்டுக்கலாமா, ஒண்ணுதானே வித்தியாசம்" என்று பட்டறைக்காரர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிக்குப் போகும். ஐந்து ஆறானால் 1.2-இன் மும்மடி, 1.73. ஒரு மில்லிமீட்டருக்கு 73 சதவீதம். காயில் ஸ்பிரிங் இன்னும் மோசம், கம்பி விட்டத்தின் நான்மடி. கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் ஏறும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த சூத்திரம்தான். பட்டறை வாசலில் நின்று பேரம் பேசுகிற இடத்தில் அது கைகொடுத்தது. சரியான கனத்துக்கு மூன்று வாரம் காத்திருந்தோம்.

பின் ஷாக் அப்சார்பரிலும் இதே மாதிரி ஒரு கதை. வண்டியில் ஏற்கெனவே இருந்தவை வேறு ஏதோ வண்டிக்கானவை, ஒன்றரை அங்குலம் நீளம் அதிகம். விற்ற கடைக்காரர், "நீளம் ஜாஸ்தின்னா நல்லதுதானே, அடிபடாது" என்று சொன்னாராம். இந்த வண்டியில் சக்கரம் எவ்வளவு தூரம் கீழே தொங்கலாம் என்று கட்டுப்படுத்துவதே ஷாக் அப்சார்பர்தான். நீளம் கூடினால் சக்கரம் கூடுதலாக மடங்கும். அதைச் சொல்லி மாற்று வாங்கும்போது, முழுக்க விரித்த நீளம், முழுக்க அமுக்கிய நீளம், கண் துளை இந்த மூன்றையும் எழுதிவைத்து ஒப்பிட்டு வாங்கினேன்.

மாட்டி முடித்த பிறகு சக்கரக் கோணம் பார்க்க ஒரு கொத்தனாரின் நூலும் தூக்குக்குண்டும் போதுமாயிருந்தது. சமதரையில் நிறுத்தி, அரிசிச் சிப்பங்களை ஏற்றி, டயருக்குப் பக்கத்தில் குண்டைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து தூரத்தை அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். பின்சக்கரங்கள் மேலே லேசாக உள்ளே சாய்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றன. முன் சக்கரங்களின் நேர்க்கோட்டை மட்டும் கடையில் காட்டிச் சரிபார்த்தோம்.

முதலில் ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டி, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினேன். அப்புறம் ஒரு ஞாயிறு காலை பெரியப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து மலையேறினோம். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அவர் கையைக் கதவு மேல் வைத்துக்கொண்டு சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே வந்தார். ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்புகிற வண்டி. ஜீப் முன்னும் பின்னும் போய் ஒடிக்கிற வளைவை ஒரே மூச்சில் எடுக்கும். ஸ்டீயரிங் திருப்பி விட்டால் தானே நேராக வந்தது. வெள்ளிமலையில் அவருடைய மாணவர்கள் நாலைந்து பேர், அவர்களே தாத்தாக்கள், கடுக்காய் மூட்டையும் தேனும் கொடுத்தார்கள். இறங்கும்போது நான் செய்ததெல்லாம், வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போனதுதான். புது பட்டை போட்டாலும் ஸ்விங் ஆக்சில் ஸ்விங் ஆக்சில்தான். அதன் குணம் மாறாது.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். 50 வருஷம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். பெரியப்பாவுக்கு வெள்ளிமலை போகணும். அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருக்கிறோம்.

இப்போது ட்ரன்னியன் நிப்பிள் இரண்டிலும் சிவப்புப் பெயின்டால் 'ஆயில் மட்டும்' என்று எழுதி, ஒரு கிரீஸ் கன்னைத் தனியாக அதற்கென்றே டிக்கியில் போட்டிருக்கிறேன். யார் கையில் வண்டியைக் கொடுத்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான்.

விரிசல் விட்ட அந்தத் தூணைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ மேசைமேல் இருக்கிறது. டெவலப்பரைத் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், லென்ஸும் பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் லென்ஸ் இல்லாமல், அந்த வெள்ளைக்குக் கீழே, மறுபக்கத்து மரையைப் பாருங்கள். அப்புறம் திருப்பிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுப் பந்தலில் நான் இருப்பேன்.